தம்பியோட அப்பீல்: முதல்ல அந்த 14 நாள்

அக்கா, ஒங்க தம்பி ஓட்டிட்டு வந்த மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில 340 கிராம் கஞ்சா, ஈப்போ உயர் நீதிமன்றத்துல 39பி குற்றம்னு, அதாவது மலேசிய அபாயகர போதைப்பொருள் சட்டத்துல போதைப்பொருள் கடத்தல்னு தீர்ப்பு ஆகி ஒன்பது நாள்னு எழுதியிருக்கீங்க. நானும் சுங்கை சிப்புட்தான், தோட்டத்துல வளர்ந்தவன். எங்க வீட்லயும் இதே மாதிரி ஒரு கேஸ் நடந்துச்சு.

அப்பீல் நோட்டீஸ் 14 நாளுக்குள்ள போகணும். இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு. லாயர் பிடிக்க முடியலன்னா தம்பியே ஜெயில் அதிகாரிகிட்ட கொடுக்கலாம், அது செல்லும். காரணங்களை எழுதுற மனு அப்புறம்தான்.

அப்பீல்ல கதைய மறுபடி சொல்ல விடமாட்டாங்க. விசாரணைக் குறிப்பைத்தான் பார்ப்பாங்க. அதுல ரெண்டு இடத்தைப் பாருங்க. கஞ்சா 200 கிராமோ அதுக்கு மேலயோ இருந்தா கடத்தல்னு அனுமானிப்பது அதே சட்டத்தோட 37டிஏ பிரிவு. கையில இருந்ததால தெரிஞ்சே வெச்சிருந்தான்னு அனுமானிப்பது 37டி. ரெண்டையும் ஒண்ணுமேல ஒண்ணு அடுக்க வழிவிட்ட 37ஏ பிரிவை 2019ல நாட்டோட உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் செல்லாதுன்னு தள்ளிருச்சு. நீதிபதி அப்படி அடுக்கியிருந்தா அதான் ஒங்க பிடி.

மோட்டார் யார் பேர்ல, சாவி லயத்துல (தோட்டத்து வரிசை வீட்ல) ஆணியில தொங்குமா, வேற யாரெல்லாம் எடுத்துட்டுப் போவாங்க? சாட்சியத்துல இது வந்திருக்கான்னு பாருங்க. போலீஸ் எழுதின எடையும் கஞ்சாவைச் சோதிச்ச கெமிஸ்ட் எழுதின எடையும் ஒத்துப்போகுதான்னும் பாருங்க.

கடத்தல் நிக்கலன்னா வெச்சிருந்ததுன்னு 39ஏ-க்கு இறங்கலாம். அதுக்கும் குறைஞ்சது அஞ்சு வருசம், ரோத்தான் (பிரம்படி) வேற. கடத்தல்னே நின்னாலும் தூக்கு 2023 ஜூலைலேர்ந்து கட்டாயமில்ல.

அப்பீல் கோர்ட் இருக்கிற "புத்ராஜெயால ஆள் இருக்கு"ன்னு யாராவது காசு கேட்டா நகையை அடகு வெச்சிராதீங்க அக்கா. நாங்க வெச்சோம்.