பிரசவத்தில் குழந்தையின் கை நரம்பு பாதிக்கப்பட்டது: மருத்துவமனை மீது வழக்குப் போட முடியுமா?

நீங்கள் கேட்டது இதுதான்: தனியார் மருத்துவமனையில் பிரசவம், குழந்தைக்கு இடது கை தூக்க வரவில்லை, "தானாகச் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், வழக்குப் போட முடியுமா, எவ்வளவு செலவாகும்.

போட முடியும். ஆனால் வக்கீலைத் தேடுவதற்கு முன்னால், நாளைக் காலையிலேயே கேஸ் ஷீட் நகல் கேட்டு ஒரு கடிதம் கொடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். என் தங்கை மகன் விஷயத்தில் நாங்கள் இதைச் செய்யாமல் நான்கு மாதத்தைத் தொலைத்தோம், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தங்கைக்கு ஏழாம் மாதத்தில் சர்க்கரை கூடிவிட்டது. கடைசி ஸ்கேனில் குழந்தை எடை நான்கு கிலோவுக்கு மேல் என்று இருந்தது. ஆபரேஷன் தேவைப்படுமா என்று நான்தான் கேட்டேன், பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வாக்குவம் (தலையில் வைத்து உறிஞ்சி இழுக்கும் கருவி) போட்டுத் தலையை வெளியே எடுத்திருக்கிறார்கள், தோள் மாட்டிக்கொண்டது, இழுத்திருக்கிறார்கள், இதெல்லாம் அவள் ஒரு வாரம் கழித்து அழுதுகொண்டே சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பையனின் வலது கை துவண்டு தொங்கியது. டிஸ்சார்ஜ் சம்மரியில் சுகப்பிரசவம், குழந்தை நலம் என்று மட்டும் இருந்தது, வாக்குவம் போட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நாங்கள் செய்ததெல்லாம் தப்பு. மருத்துவமனை வாசலில் போய்ச் சத்தம் போட்டோம், ஊர்ப் பெரியவரை வைத்துப் பேசினோம். 30,000 ரூபாய் தருகிறோம், இந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். எங்கள் அம்மாதான் முதலில் அதைப் படித்துக் காட்டச் சொன்னார். இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டோம் என்று எழுதியிருந்தது. போடவில்லை. உங்களிடமும் அப்படி ஒரு தாள் நீட்டினால் போடாதீர்கள்.

கேஸ் ஷீட் விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவர்களுக்கான 2002 ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவண நகல் தர வேண்டும், உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், ஒன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால், சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். வெறுமனே "ரிப்போர்ட் வேண்டும்" என்று எழுதினால் டிஸ்சார்ஜ் சம்மரியையே திரும்பக் கொடுப்பார்கள். பிரசவ வலியின் போக்கை மணிக்கு மணி குறிக்கும் பார்ட்டோகிராம், குழந்தையின் இதயத் துடிப்புப் பதிவு, நர்ஸ் எழுதிய குறிப்புகள், நீங்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவங்கள், குழந்தை பிறந்ததும் பரிசோதித்த டாக்டரின் குறிப்பு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அரசு மருத்துவமனையாக இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

நாங்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் கேஸ் ஷீட் எங்கள் கைக்கு வந்தது. பார்ட்டோகிராமில் கடைசி மூன்று மணி நேரம் வெறும் காலியாக இருந்தது. ஸ்கேனில் வந்த எடையை எங்கேயும் குறிக்கவில்லை, தோள் சிக்கியது என்றே எழுதவில்லை. அந்தக் காலி இடம்தான் பிற்பாடு எங்கள் வழக்கைத் தாங்கியது.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். குழந்தைக்குக் காயம் என்பதாலேயே அது அலட்சியம் ஆகிவிடாது. தோள் சிக்குவதை எல்லா நேரமும் முன்கூட்டிக் கணிக்க முடியாது, நல்ல டாக்டர் கையிலும் நடக்கும். அதே படிப்பும் அனுபவமும் உள்ள இன்னொரு டாக்டர் அந்த நிலையில் நியாயமாகச் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா என்றுதான் சட்டம் பார்க்கும். அதனால் கேஸ் ஷீட் கிடைத்ததும் வேறு ஊரில் உள்ள ஒரு மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளூரில் யாரும் சக டாக்டருக்கு எதிராக வாய் திறக்க மாட்டார்கள், நாங்கள் நாலு பேரிடம் போய்ப் பார்த்தாயிற்று.

போலீஸுக்குப் போகலாமா என்று நிறையப் பேர் யோசிப்பார்கள். 2005 இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், டாக்டர் மீது குற்ற வழக்கு என்றால் அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும், வேறொரு டாக்டரின் கருத்தும் வேண்டும் என்று சொல்லிவிட்டது. மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், டாக்டரின் பதிவின் மீது நடவடிக்கை வரலாம், இழப்பீடு வராது. இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம்தான் சரியான இடம். காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995 லேயே தீர்ப்பாகிவிட்டது.

இப்போது இருப்பது 2019 சட்டம். எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து முடிவு செய்வதில்லை, நீங்கள் கட்டிய பில்லை வைத்துத்தான். 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதனால் பிரசவ பில் எல்லாம் அங்கேதான். 5 லட்சம் வரை கட்டியிருந்தால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பிரசவம் வேறு ஊரில் நடந்திருந்தாலும். ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தாமதத்துக்குக் காரணம் காட்டி அனுமதி கேட்க வழி உண்டு, அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

வக்கீல் செலவு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் குழந்தையின் அம்மாவை மனுக் கொடுக்கச் சொல்லுங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். எங்களிடம் ஒரு வக்கீல், ஜெயித்தால் வரும் இழப்பீட்டில் முப்பது சதவீதம் தனக்கு என்றார். அப்படிப் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே தப்பு, எழுந்து வந்துவிட்டோம்.

எல்லா பில்லையும் சேர்த்து வையுங்கள், பிசியோதெரபிக்குப் போன பஸ் டிக்கெட் உட்பட. 1996 இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கண் பரிசோதனை செய்யாமல் விட்டுப் பார்வை போன வழக்கில், 2015 இல் உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட 1.8 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. அதுவரை செலவழித்ததையும், இனி வரப்போகும் மருத்துவச் செலவை விலைவாசி ஏற்றத்தோடும் கணக்குப் போட்டார்கள். குழந்தைக்கு மட்டுமல்ல, பெற்றோர் பட்ட வேதனைக்கும் தனியாகக் கேட்கலாம், 1998 ஸ்பிரிங் மெடோஸ் தீர்ப்பில் அப்படிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் 1996 க்கும் 2015 க்கும் நடுவே எத்தனை வருடம் என்று பாருங்கள். எங்கள் வழக்கு மாவட்ட ஆணையத்தில் முடியவே மூன்றரை வருடம் ஆனது. எங்களுக்குச் சாதகமாக வந்தது, மருத்துவமனை மேல்முறையீடு போயிருக்கிறது, இன்னும் நடக்கிறது.

அதனால் வழக்குக்காக வைத்தியத்தை நிறுத்தி வைக்காதீர்கள். "தானாகச் சரியாகிவிடும்" என்பது பல குழந்தைகளுக்கு உண்மைதான், அதை நம்பி எல்லோரும் காத்திருந்துவிடுகிறார்கள். மூன்று மாதத்தில் முழங்கை மடக்க வரவில்லை என்றால் கை நரம்பு அறுவை செய்யும் நிபுணரிடம் உடனே காட்ட வேண்டும், நரம்பைச் சரிசெய்ய முதல் சில மாதங்கள்தான் நல்ல நேரம், அதற்கப்புறம் பலன் குறைந்துகொண்டே போகும். பிசியோதெரபியை இப்போதே டாக்டரிடம் கேட்டு ஆரம்பியுங்கள், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் (குழந்தைகளின் குறைபாடுகளுக்குச் சிகிச்சை தரும் அரசு மையம்) இலவசமாகவே செய்வார்கள். மாதம் ஒருமுறை குழந்தை கையை அசைப்பதை வீடியோ எடுத்து வையுங்கள், டாக்டருக்கும் உதவும், வழக்குக்கும் உதவும்.

குழந்தைக்கு எத்தனை மாதம் என்று நீங்கள் எழுதவே இல்லை. அதைச் சொல்லுங்கள், எந்த மாவட்டம் என்பதையும். நாங்கள் மருத்துவமனைக்கு எழுதிய கடிதத்தைப் பெயர்களை எடுத்துவிட்டு அனுப்புகிறேன், அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளலாம்.