‘300 டிபிஐ’ என்று போட்டிருந்ததே! – வாங்குவோர் கேள்வி-பதில்

சொந்தப் படத்தை ஏற்றினால் போர்வையாகவும் திரைச்சீலையாகவும் அச்சடித்துத் தருகிறார்களே, இந்தத் தடவை கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: குடும்பப் படம் ஒன்றை 60-க்கு 80 அங்குலப் போர்வையில் அச்சடிக்கக் கொடுத்தேன். போனில் பளிச்சென்று இருந்த படம் போர்வையில் ஒரே மங்கல். கம்பெனி ஏமாற்றிவிட்டதா?

இல்லை. படம் வாட்ஸ்அப்பில் வந்தது, 1200-க்கு 1600 பிக்சல் என்று கடிதத்தின் கடைசியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 1600-ஐ 80-ஆல் வகுத்துப் பாருங்கள்: அங்குலத்துக்கு 20 பிக்சல். ஒவ்வொரு பிக்சலும் ஒன்றேகால் மில்லிமீட்டர் அகலக் கட்டம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். எடுத்தவரின் போனிலிருந்து மூலப் படத்தை ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். 3000-க்கு 4000 பிக்சல் கிடைத்தால் அங்குலத்துக்கு 50 வரும். ரோமப் போர்வையில், நாலடி தள்ளி நின்று பார்க்கச் சகிக்கும்.

கேள்வி: இணையத்தில் ஒரு பூ டிசைன் விலைக்கு வாங்கினேன். ‘300 டிபிஐ, மிக உயர்தரம், ஒட்டுத் தெரியாதது’ என்று போட்டிருந்தது. அதே அளவுப் போர்வைக்கு ஏற்றினால் ‘தரம் போதாது’ என்று தளம் சொல்கிறது. விற்றவர் வாயே திறக்கவில்லை. ஃபைல் 3600-க்கு 3600 பிக்சல்.

இந்த ‘300 டிபிஐ’ என்ற மூன்று இலக்கத்தின் மேல் எனக்குப் பழைய பகை உண்டு. அது படத்தின் தரமே இல்லை. ‘ஓர் அங்குலத்தில் இத்தனை பிக்சலை அடுக்கு’ என்று ஃபைலுக்குள் எழுதிவைத்த குறிப்பு, அவ்வளவுதான். 72 என்றிருப்பதை 300 என்று மாற்ற ஒரு நொடி போதும். ஒரு பிக்சல்கூடக் கூடாது. தபால்தலை அளவுப் படத்துக்கும் ‘300 டிபிஐ’ என்று போடலாம், பொய்யும் ஆகாது. வாங்குகிறவர் கேட்க வேண்டியது ஒன்றே: அகலம் எத்தனை பிக்சல், உயரம் எத்தனை பிக்சல்? அதை எழுதாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

துணிக்கு அங்குலத்துக்கு 150 பிக்சல் தாராளம். உங்கள் போர்வைக்கு 9000-க்கு 12,000, அதாவது 10.8 கோடி பிக்சல். உங்களிடம் இருப்பது சுமார் 1.3 கோடி. 300 கணக்கில் அச்சடித்தால் 12 அங்குலச் சதுரம், ஒரு கைக்குட்டை. எண்ணை எழுதாமல் ‘மிக உயர்தரம்’ என்று மட்டும் எழுதியவர்மேல்தான் எனக்குக் கோபம், உங்கள்மேல் இல்லை. நானும் ஒருமுறை ‘பெரிய அளவு’ நீர்வண்ண டிசைன் கட்டு ஒன்று வாங்கினேன். பிக்சல் எண்ணிக்கை என்னவோ பெரிதுதான். உருப்பெருக்கிப் பார்த்தால் இலை ஓரமெல்லாம் படிக்கட்டு. சின்னப் படத்தை இழுத்து நீட்டியிருந்தார்கள். பணம் போனது போனதுதான். அதனால் எண்ணைக் கேட்பதோடு நிற்காமல், முழு அளவில் ஒரு மூலையை மாதிரிக்குக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் காசு முழுக்க வீணாகவில்லை. டிசைன் நிஜமாகவே ஒட்டுத் தெரியாததாக, அதாவது பக்கம் பக்கமாக அடுக்கினாலும் சேருமிடம் தெரியாததாக இருந்தால், ஒரே படமாக இழுக்காமல் 24 அங்குலத் துண்டாக வைத்து, அடுக்கி நிரப்புங்கள். 150 கணக்கு அப்படியே நிற்கும். பல தளங்களில் இதற்கென்றே ‘ரிப்பீட்’ வசதி இருக்கிறது. விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, விற்ற தளத்திடம் புகாரும் கொடுங்கள்.

கேள்வி: ஒட்டே தெரியாது என்றார்கள். திரைச்சீலையில் மயிரிழைபோல் வெள்ளைக் கோடுகள்!

துண்டின் அளவு முழு பிக்சலில் முடியாமல் அரையும் காலுமாக வெட்டப்பட்டிருந்தால், ஓரத்துப் பிக்சல்கள் பாதி ஒளி ஊடுருவுபவையாக நிற்கும். கோடு அங்கிருந்துதான் வரும். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள்: படத்தைப் பாதி அகலம் பக்கவாட்டிலும் பாதி உயரம் கீழேயும் நகர்த்துங்கள், வெளியே போனது மறுபக்கம் உள்ளே வரவேண்டும். ஃபோட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும் இதன் பெயர் ‘ஆஃப்செட்’. நான்கு ஓரங்களும் இப்போது படத்தின் நடுவில் வந்து சந்திக்கும். குறை இருந்தால் அங்கேயே மாட்டும். பிறகு மூன்றுக்கு மூன்றாக அடுக்கி, திரையை விட்டு எழுந்து தள்ளி நின்று பாருங்கள். ஒரே அடர்சிவப்புப் பூ வரிசை கட்டி நின்றால், ஒட்டு தெரியாவிட்டாலும் கண் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பூவை மாற்றுங்கள்.

கேள்வி: ஏஐ மென்பொருளில் எட்டு மடங்கு பெரிதாக்கினால் சரியாகிவிடுமா?

பூவுக்கும் மேகத்துக்கும் ஓரளவு சரி. அப்பா முகத்துக்கு வேண்டாம். இல்லாத விவரத்தை அது ஊகித்து வரையும். போர்வையில் வேறு யாரோ சிரிப்பார்.

கேள்வி: திரையில் மின்னிய பச்சை துணியில் சோர்ந்துபோய் வந்திருக்கிறது. திருப்பி அனுப்பலாமா?

அனுப்பலாம், வாங்கமாட்டார்கள். திரை ஒளியை உமிழ்கிறது, சாயத்துக்கு அந்த வித்தை தெரியாது. அப்படி மின்னும் பச்சை சாதாரண மைகளின் எல்லைக்கு வெளியே.

கேள்வி: விழாவுக்கு நாற்பது போர்வை வேண்டும். சாம்பிள் பார்க்க நேரமில்லை. நேரடியாக ஆர்டர் கொடுக்கலாமா?

கூடாது.

கேள்வி: சுற்றிலும் ஒரே அளவு கரை வைத்து மேசைவிரிப்பு டிசைன் செய்தேன். அவர்கள் தந்த வார்ப்புருவின் கோட்டுக்குள்தான் வைத்தேன். வந்ததில் ஒரு பக்கக் கரை 2 அங்குலம், எதிர்ப்பக்கம் கால் அங்குலம். ‘வாடிக்கையாளர் கேட்டபடி செய்த பொருள், திரும்ப எடுக்கமாட்டோம்’ என்கிறார்கள்.

வெட்டித் தைக்கும் பொருளில் சிறு நகர்வு இருக்கும். அதனால் மெல்லிய கரையை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. ஆனால் இது சிறு நகர்வா? ‘திரும்ப எடுக்கமாட்டோம்’ என்பது மனம் மாறிய வாடிக்கையாளருக்கான விதி. கோணலாக வெட்டியவர் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. அளவுநாடாவை இரு கரைகளிலும் வைத்துப் படமெடுங்கள். நீங்கள் ஏற்றிய ஃபைலையும் அவர்களுடைய வார்ப்புருவையும் சேர்த்து, எழுத்திலேயே மறு அச்சோ பணமோ கேளுங்கள். போனில் பேசாதீர்கள். மறுத்தால், பணம் செலுத்திய அட்டை நிறுவனத்திடம் கெடு முடிவதற்குள் எதிர்ப்புப் பதிவு செய்யுங்கள். அதுவரை அந்த விரிப்பைத் துவைக்க வேண்டாம், மேசையில் போடவும் வேண்டாம்.