காகாப்போ கிளிக்கு எவ்வளவு உணவு வைப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நியூசிலாந்தின் பறக்காத கிளியான காகாப்போ 1995-இல் வெறும் 51 தான் எஞ்சியிருந்தது. அதைப் பெருக்குவதற்காகக் காட்டில் வைக்கப்படும் கூடுதல் உணவு பற்றிய கேள்விகள் இவை.

செல்வி, தஞ்சாவூர்: நிறைய உணவு வைத்தால் ஆண்டுதோறும் முட்டையிடுமா, ஐயா?

இடாது. தென்கோடித் தீவுகளில் ரிமு மரம் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் காய்த்துக் குலுங்கும். காகாப்போ அந்தப் பருவத்துக்காகக் காத்திருக்கும். எவ்வளவு தீவனம் வைத்தாலும் அது ரிமுவுக்கு ஈடாகவில்லை.

இர்ஃபான், வேலூர்: அப்படியானால் எதற்கு வைக்கிறார்கள்?

மெலிந்த பெட்டை, ரிமு காய்த்த ஆண்டிலும் முட்டையிடாமல் இருந்துவிடலாம். அடைகாப்பதும் இரை தேடி ஊட்டுவதும் அவள் ஒருத்தியே. ஆண் கூட்டுப்பக்கமே வராது. அவளுக்கு உடம்பில் தெம்பு வேண்டும்.

கலா, மதுரை: உணவு வைத்ததால் ஆண் குஞ்சுகளே அதிகம் பிறந்தன என்பது உண்மையா?

உண்மை. இந்த முயற்சியில் நான் மிகவும் மதிக்கும் பாடம் இதுதான். காகாப்போவில் வலுவான ஓர் ஆண் பல பெட்டைகளுடன் இணையும். பல ஆண்களுக்கு இணையே கிடைக்காது. ஆகவே கொழுத்த தாய்க்கு வலுவான மகனைப் பெறுவதில் ஆதாயம் அதிகம். பரிணாமக் கோட்பாடு ஒன்று 1973-லேயே சொன்னது இது. நன்றாகத் தின்ற பெட்டைகள் அப்படியே ஆண்களை அதிகம் பெற்றன. அழியும் இனத்துக்கோ பெட்டைகள்தான் தேவை! கணக்கு புரிந்ததும் உணவை அளந்தார்கள்: முட்டையிடும் அளவுக்குத் தேற வேண்டும், ஆனால் பருவத்துக்கு முன் எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவைத் தாண்டக்கூடாது. 2002-இல் 24 குஞ்சுகள் தேறின. ஆண் மிகுதி மறைந்தது. 2022-இல் மொத்த எண்ணிக்கை 250-ஐக் கடந்துவிட்டது.

கலா: காட்டில் ஒவ்வொன்றுக்கும் அளந்து வைப்பது எப்படி?

ஒவ்வொரு பறவையின் முதுகிலும் சிறு ரேடியோ கருவி உண்டு. உரிய பறவை வந்தால் மட்டும் திறக்கும் தீவனப் பெட்டிகள் உள்ளன. எடைக்கருவியும் உண்டு.

முருகேசன், கூடலூர்: எங்கள் மாயாறு பிணந்தின்னிக் கழுகுகளுக்கும் இறைச்சி வைக்கலாமா?

அவற்றின் முதல் சிக்கல் பசியல்ல, மாட்டுக்குப் போடும் வலிமருந்து. அது ஏறிய மாட்டின் உடலைத் தின்றால் கழுகு செத்துவிடும். அத்தகைய மருந்தான டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006-இல் தடை வந்தது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டுக்கும் 2023-இல். அத்தகைய மருந்து ஏறாத கால்நடையின் உடல் என்று உறுதியாகத் தெரிந்தால், வனத்துறையிடம் சொல்லி அவர்கள் காட்டும் இடத்தில் வையுங்கள். சிறிதளவு சந்தேகம் இருந்தாலும் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.