பழைய மேனுஃபாக்சர்ட் வீட்டில் ஒரு பக்கம் மட்டும் குளிரவில்லை என்றால் பெரிய ஏசி போடுவது சரியா?

அமெரிக்காவின் வட கரோலினாவில், 1998இல் தயாரான டபுள்வைடு மேனுஃபாக்சர்ட் வீடு ஒன்றை, அதாவது தொழிற்சாலையில் இரு பாதிகளாகச் செய்து நிலத்தில் கொண்டுவந்து இணைக்கும் வீட்டை, வாங்கியிருக்கிறீர்கள். அதில் வீட்டைச் சூடாக்கும் மின்சார ஃபர்னஸும் 3 டன் ஏசியும் உள்ளன. ஒரு பாதியில் உள்ள படுக்கையறைகள் மட்டும் கோடையில் குளிர்வதில்லை, குளிர்காலத்தில் சூடாவதுமில்லை. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் 5 டன் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். நீங்கள் கேட்டதன் சாரம் இதுதான். அதே மாநிலத்தில் அதே வகை வீட்டில் குடும்பத்துடன் வசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வீட்டின் அடிப்பகுதிக்குள் ஒருவர் ஊர்ந்து சென்று பார்த்துவிட்டு வரும் வரை எந்த இயந்திரத்துக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இவ்வகை வீடுகளில் அலமாரி அளவே உள்ள சிறு அறைக்குள் நிற்கும் ஃபர்னஸ், காற்றை மேலிருந்து இழுத்துக் கீழே தள்ளுகிறது. அந்தக் காற்று தரைக்கு அடியில் வீட்டின் நீளத்துக்கு ஓடும் தகர டக்ட் என்ற காற்றுக் குழாய் வழியாகச் சென்று, தரையில் உள்ள துவாரங்கள் மூலம் அறைகளுக்கு வருகிறது. டக்டையும் தண்ணீர்க் குழாய்களையும் கண்ணாடி இழைக் காப்பையும் கீழிருந்து மூடித் தாங்குவது, இங்குள்ளவர்கள் பெல்லி என்று சொல்லும் கறுப்பு விரிப்பு. டபுள்வைடு வீட்டில் ஃபர்னஸ் ஒரு பாதியில்தான் இருக்கும். மறு பாதிக்குக் காற்றைக் கொண்டு செல்வது, இரண்டையும் அடியில் இணைக்கும் வளையக்கூடிய கிராஸ்ஓவர் டக்ட். வீட்டை நிலத்தில் இறக்கி நிறுவும்போது மாட்டப்படுவதால், அதன் உறுதி முழுக்க முழுக்க மாட்டியவரின் கவனத்தைப் பொறுத்தது.

எங்கள் வீட்டின் அடிப்பகுதியைச் சுற்றி மூடியிருக்கும் ஸ்கர்ட்டிங் பலகை ஒன்றைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது அந்தக் குழாய் மண்மேல் கிடந்தது. ஒரு முனை தகர வளையத்திலிருந்து பாதி கழன்றிருந்தது. அதன் கீழே மண் நனைந்து கறுத்திருந்தது. கையை நீட்டினால் வீட்டின் எந்த அறையிலும் இல்லாத குளிர் அங்கே அடித்தது. பழுதுபார்க்க வந்தவர் முனையை வளையத்தில் மீண்டும் ஏற்றி, பட்டை போட்டு இறுக்கி, மாஸ்டிக் பசையைக் கனமாகப் பூசி, குழாய் மண்ணைத் தொடாதபடி தூக்கிக் கட்டினார். அதே பழைய ஏசியில் அன்று மாலையே பின்பக்க அறைகள் குளிர்ந்தன. உங்கள் வீட்டிலும் ஒரு பாதி மட்டும், அதுவும் இரு பருவங்களிலும், தவிக்கிறது என்பதால் என் முதல் சந்தேகம் கிராஸ்ஓவர் மீதுதான். பெல்லி எங்காவது தொங்குகிறதா, எலியோ பூனையோ கிழித்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். டக்டை ஒட்டுவதற்குத் துணி டேப்பை அனுமதிக்க வேண்டாம். சில ஆண்டுகளில் பசை காய்ந்து உரிந்துவிடும்.

5 டன் யோசனை எனக்குக் கவலை தருகிறது. ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்தை அகற்றும் திறன். ஒவ்வொரு டன்னுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று ஓட வேண்டும். 1,200 கன அடிக்கு அமைத்த டக்டில் 2,000 கன அடியைத் திணித்தால் சத்தமும் கசிவும் கூடும், மோட்டார் திணறும். பெரிய இயந்திரம் சில நிமிடங்களில் காற்றைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடுவதால் ஈரப்பதம் போகாது; கரோலினாவின் கோடையில் நம்மை வாட்டுவதில் பாதி ஈரப்பதம்தான். இதற்குச் சான்று உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். சமையலறை அலமாரியின் உட்புறத்திலோ மின்பெட்டி அருகிலோ படுக்கையறை அலமாரியிலோ டேட்டா பிளேட் என்ற தாள் ஒட்டப்பட்டிருக்கும். இந்த வீட்டின் டக்ட் எத்தனை பிடியூ வரையிலான ஏசிக்கு அமைக்கப்பட்டது என்று பல வீடுகளில் அதிலேயே அச்சாகியிருக்கும். வீடு எந்த வெப்ப மண்டலத்துக்குத் தயாரானது என்பதும் அதில் தெரியும். வட கரோலினா 2ஆம் மண்டலம், தென் கரோலினா 1ஆம் மண்டலம். அங்கே விற்பதற்காகத் தயாரான வீடு எல்லை தாண்டி வந்திருந்தால் அதன் காப்பு குறைவாக இருக்கலாம். பிறகு, வீட்டுக்கு எவ்வளவு குளிர்விப்பும் சூடும் தேவை என்ற வெப்பச் சுமையை, அதற்கென உள்ள மேனுவல் ஜே முறைப்படி கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். கணக்கிட மறுப்பவரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டாம்.

காற்று திரும்பும் வழியையும் கவனியுங்கள். பெரும்பாலான வீடுகளில் ஃபர்னஸ் அறைக் கதவின் கிராதி ஒன்றுதான் அந்த வழி. படுக்கையறைக் கதவுகளை மூடிவிட்டால் உள்ளே சென்ற காற்று திரும்ப முடியாமல் அங்கே தேங்க, கூடத்தில் அழுத்தம் குறைந்து, வெளியிலுள்ள புழுக்கக் காற்று சுவர் இடுக்குகள் வழியே உறிஞ்சப்படும். வினைல் ஒட்டிய சுவர்ப்பலகையின் பின்னால் அந்த ஈரம் படிந்து பூஞ்சை பிடிப்பது தென்மாநிலங்களில் நன்கு அறியப்பட்ட சிக்கல். கதவின் அடியில் இடைவெளி விட்டு அறுப்பதோ, கதவுக்கு மேல் கிராதி பொருத்துவதோ போதும். செலவு மிகக் குறைவு.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் இயந்திரம் மாற்றும் வயதில் இருந்தால், மின்சார ஃபர்னஸுக்குப் பதில், குளிர்காலத்தில் வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுக்கும் ஏசியான ஹீட் பம்ப் போடுவதையே நான் பரிந்துரைப்பேன். மின்கம்பிச் சூடு ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பத்தைத்தான் தரும். நம் மாநிலத்தின் மிதமான குளிரில் ஹீட் பம்ப் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு தரும். எரிவாயு ஃபர்னஸுக்கு மாறுவதானால், மேனுஃபாக்சர்ட் வீடுகளுக்கென்று அங்கீகரிக்கப்பட்டதைத் தவிர வேறெதையும் உள்ளே விடாதீர்கள். 1976 ஜூன் 15 முதல் நடைமுறையில் இருக்கும், மத்திய வீட்டுவசதித் துறையின் ஹட் விதிகளின் கீழ் எரிவதற்கான காற்று வெளியிலிருந்தே வர வேண்டும், புகையும் நேரே வெளியே போக வேண்டும். சிறிய வீட்டில் கார்பன் மோனாக்சைடு தேங்கினால் தூக்கத்திலேயே உயிர் போய்விடும் என்பதால் இதில் சமரசமே கூடாது. 2025 முதல் வரும் புதிய இயந்திரங்களில் ஆர்-410ஏ என்ற குளிர்விக்கும் வாயுவுக்குப் பதில் ஆர்-454பி, ஆர்-32 போன்றவை இருக்கும். எனவே உள்ளே இருக்கும் பழைய காயிலை (குளிர்விக்கும் சுருளை) வைத்துக்கொண்டு அத்தகைய புதிய வெளிப்பெட்டியை மட்டும் பொருத்துவது நடக்காது.

டக்டே வேண்டாம், அறைச் சுவரிலேயே மாட்டும் மினி ஸ்பிளிட் ஏசி போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நல்ல தேர்வுதான். ஆனால் தண்ணீர்க் குழாய்கள் பெல்லிக்குள் உறையாமல் இருப்பதற்கு டக்டிலிருந்து கசியும் சூடும் ஒரு காரணம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டக்டை அடைத்துவிட்டால் காப்பைச் சீராக்கி, குழாய்களுக்கு ஹீட் கேபிள் சுற்றியாக வேண்டும்.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வீட்டின் மின், எரிபொருள் செலவைக் குறைக்கும் வேலைகளுக்கான மத்திய அரசின் வெதரைசேஷன் உதவித் திட்டம் 1976 முதல் இருக்கிறது. இவ்வகை வீடுகளும் அதில் அடங்கும், டக்ட் அடைப்பு வேலையும் அதில் செய்து தரப்படும். உங்கள் கவுண்டியில் கேட்டுப் பாருங்கள். ஹீட் பம்புக்கு இருந்த மத்திய வரிச் சலுகை 2025 டிசம்பர் 31க்குப் பின் பொருத்துபவற்றுக்குக் கிடையாது என்பதால், அதைக் கழித்துக் காட்டும் விலைப்பட்டியலை நம்ப வேண்டாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் ஸ்கர்ட்டிங்கைத் தாண்டி வெளியே போகும்படி குழாய் போடப்படும் என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதைச் செய்யாவிட்டால் கோடை முழுவதும் அந்த நீர் வீட்டுக்கு அடியிலேயே தேங்கும்.