அந்த எட்டு லட்சம் கடனா, பங்கா?

கேள்வி: காங்கேயம் பக்கத்தில் நான்கு ஆண்டுகளாக மரச்செக்கு வைத்துத் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் ஆட்டி விற்கிறோம். தொழில் என் ஒருவன் பெயரில்தான் இருக்கிறது. சென்ற ஆண்டு விற்பனை 38 லட்சம். செலவெல்லாம் போக ஆறு லட்சம் கையில் நின்றது. ஜிஎஸ்டி இன்னும் எடுக்கவில்லை. கொப்பரையைப் பெரும்பாலும் கடனுக்குத்தான் எடுக்கிறேன். இப்போது கோவையில் சில கிளைகள் வைத்திருக்கும் ஒரு பல்பொருள் அங்காடி எங்கள் எண்ணெயை எடுத்துக்கொள்ள முன்வந்திருக்கிறது. இன்னும் இரண்டு செக்கு போட வேண்டும். வங்கியில் 15 லட்சம் கடன் கேட்டிருக்கிறேன். ஓசூரில் வேலை பார்க்கும் என் மைத்துனர், மனைவியின் தம்பி, எட்டு லட்சம் தருகிறேன் என்கிறார். லாபத்தில் பாதி என்று பேச்சு. பில் போடுவது, பாட்டில் நிரப்புவது எல்லாம் மனைவி பார்த்துக்கொள்கிறார். பிரைவேட் லிமிடெட் போட்டால்தான் பெரிய கடைக்காரர்கள் மதிப்பார்கள் என்கிறார் நண்பர் ஒருவர். என்ன செய்யலாம்?

பதில்: நண்பர் சொன்னதை முதலில் தீர்த்துவிடுவோம். அடுத்த முறை அந்த அங்காடிக்குப் போகும்போது ஊறுகாய், அப்பளம், முறுக்குப் பொட்டலங்களைத் திருப்பிப் பாருங்கள். 'தயாரிப்பவர்' என்ற வரியில் லிமிடெட் என்ற சொல்லே இல்லாத பெயர்கள் எத்தனை என்று எண்ணலாம். கொள்முதல் செய்பவர்களுக்கு முதலில் தேவைப்படுவது ஜிஎஸ்டி எண், உணவுப் பாதுகாப்பு உரிமம், பான், வங்கிக் கணக்கு விவரம். அவர்களுடைய சப்ளையர் படிவத்தைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். கம்பெனியாக இருக்க வேண்டும் என்று அதில் இல்லையென்றால், மரியாதைக்காகக் கம்பெனி தொடங்க வேண்டியதில்லை.

பிரைவேட் லிமிடெட் என்பது சட்டத்தின் கண்ணில் உங்களைவிட வேறான ஓர் ஆள். இன்றைக்கு வீட்டு மளிகைக்குக் கல்லாவில் கைவைக்கிறீர்கள்; அது உங்கள் பணம், கேட்க ஆள் இல்லை. கம்பெனி ஆகிவிட்டால் அதே பணம் இயக்குநருக்குக் கம்பெனி கொடுத்த கடனாகிவிடும். கம்பெனிச் சட்டம் அப்படிப்பட்ட கடனைப் பெரும்பாலும் தடுக்கிறது. வருமான வரிச் சட்டம் அதை டிவிடெண்டாகவே, அதாவது பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் லாபமாகவே, கருதி வரி கேட்கலாம். விற்பனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஆண்டுதோறும் தணிக்கை கட்டாயம். கணக்கறிக்கைக்கு ஒரு படிவம், ஆண்டறிக்கைக்கு ஒரு படிவம் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. இரண்டையும் ஓராண்டு மறந்துவிட்டால் 73,000 ரூபாய். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மறந்தவர்கள் ஐந்தாண்டுகளுக்கு இயக்குநராகும் தகுதியையே இழக்கிறார்கள். வேண்டாம் என்று மூடுவதற்கும் அரசுக் கட்டணம் 10,000 ரூபாய். வெளியாள் முதலீடு வரப்போகிறது, பங்குகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால் கம்பெனிதான் சரி. உங்களுக்கு அந்த நிலை இல்லை. ஒரே ஆள் தொடங்கக்கூடிய ஒருநபர் கம்பெனிக்கும் அதே தணிக்கை உண்டு. மைத்துனரை அதில் உரிமையாளராகச் சேர்க்கவும் முடியாது.

இப்போது உங்கள் கடிதத்தில் உண்மையிலேயே கவலை தரும் இடத்துக்கு வருகிறேன். 'எட்டு லட்சம் தருகிறேன் என்கிறார். லாபத்தில் பாதி என்று பேச்சு.' இந்த ஒரு வரியில் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. எட்டு லட்சம் கடன் என்றால் தொழில் நட்டத்தில் போனாலும் அதைத் திருப்பித் தர வேண்டும். பங்கு என்றால் நட்டத்திலும் அவருக்குப் பாதி உண்டு, உங்கள் கொப்பரைக் கடனுக்கும் அவர் பொறுப்பாளி. அவர் மனதில் எது இருக்கிறது? உங்கள் மனதில் இருப்பதும் அதுதானா? நம் பக்கத்தில் சொந்தத்துக்குள் இதைக் கேட்பது அநாகரிகம் என்று விட்டுவிடுகிறோம். லாபம் வரும்போது பங்கு, நட்டம் வரும்போது கடன் என்று இரண்டு பக்கமும் நியாயம் பேசும் நாள் வந்த பிறகுதான் என்னைப் போன்றவர்களிடம் வருகிறார்கள்.

கூட்டாண்மைக்கு எழுத்து தேவை என்றுகூடச் சட்டம் சொல்லவில்லை, வாய்ப்பேச்சே போதும். லாபத்தில் பங்கு வாங்குகிறார் என்பதாலேயே ஒருவர் பங்குதாரர் ஆகிவிடமாட்டார் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே தகராறு வந்தால், யார் முடிவெடுத்தார்கள், யார் கணக்குப் பார்த்தார்கள் என்று உங்கள் முழு நடத்தையையும் தோண்டித்தான் நீதிமன்றம் முடிவுக்கு வரும். எழுத்து இல்லையென்றால் லாப நட்டம் சமபங்கு, முதலுக்கு வட்டி கிடையாது என்பதுதான் சட்டம் தானாகப் போட்டுக்கொள்ளும் நிபந்தனை.

கடன்தான் என்று முடிவானால் வேலை மிகச் சுலபம். தொழில் இப்போது இருப்பதுபோல உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். பணம் வங்கி வழியாக மட்டும் வர வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் விழலாம். புரோநோட்டு எழுதி, வட்டி விகிதத்தைக் குறிப்பிட்டுவிடுங்கள். மூன்று ஆண்டில் அது காலாவதியாகிவிடும் என்பதால் அதற்குள் எழுத்தில் புதுப்பிக்க வேண்டும். இதை நீங்களே அவரிடம் சொல்வதுதான் மரியாதை. வரியிலும் இந்த வழிதான் லேசு. விற்பனையில் எட்டு விழுக்காடு, வங்கி வழியாக வரும் தொகைக்கு ஆறு விழுக்காடு என்று லாபத்தைக் கணித்துக் காட்டும் அனுமான வரித் திட்டத்தில் இருக்கலாம். 2025 ஏப்ரல் முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை. உங்கள் ஆறு லட்சத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியிராது.

பங்குதான் என்றால் சாதாரண பார்ட்னர்ஷிப்பா, எல்எல்பி எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையா என்ற கேள்வி வருகிறது. என்னிடம் வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். இரண்டு நண்பர்கள் சேர்ந்து விசைத்தறி நடத்தினார்கள். ஒருவர் மற்றவரிடம் சொல்லாமல் 11 லட்சத்துக்கு நூல் கடனுக்கு எடுத்துவிட்டார். நூல் வியாபாரியின் வக்கீல் நோட்டீஸ் இரண்டு பேர் வீட்டுக்கும் போயிற்று. நூலைக் கண்ணாலேயே பார்க்காத அந்த இரண்டாமவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, நோட்டீஸை முன்னும் பின்னும் புரட்டி, "இதில் என் கையெழுத்தே இல்லையே சார்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய கையெழுத்து தேவையில்லை என்பதுதான் 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம். ஒரு பங்குதாரர் தொழிலுக்காகச் செய்தது எல்லாரையும் கட்டும். முழுக் கடனையும் எந்த ஒருவரிடமிருந்தும் வசூலிக்கலாம். வீடு, நகை எதுவும் விலக்கல்ல.

ஓசூரில் மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு, நீங்கள் எந்த வியாபாரியிடம் எவ்வளவு கொப்பரை எடுக்கிறீர்கள் என்பதே தெரியாத உங்கள் மைத்துனரை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். எல்எல்பி அவருக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கும். 2008-ஆம் ஆண்டுச் சட்டம் அது. தொழில் வாங்கிய கடனுக்குத் தொழிலின் சொத்துதான் பொறுப்பு. பங்குதாரர் போட்ட முதல், போடுவதாக ஒப்புக்கொண்ட முதல் போகும். மோசடி செய்யாத வரை வீடு போகாது.

அதற்கு விலை உண்டு. மே 30-க்குள் ஒரு படிவம், அக்டோபர் 30-க்குள் ஒரு படிவம். விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் தணிக்கை. அங்காடிக்குச் சப்ளை தொடங்கிய முதல் ஆண்டிலேயே தாண்டிவிடுவீர்கள். அனுமான வரித் திட்டம் பார்ட்னர்ஷிப்புக்கு உண்டு, எல்எல்பிக்குக் கிடையாது.

ஆனால் இதை இழப்பு என்று நினைத்து வருந்த வேண்டாம். பார்ட்னர்ஷிப்பானாலும் எல்எல்பியானாலும் லாபத்துக்கு வரி ஒரே விகிதம்தான், செஸ் சேர்த்து 31.2 விழுக்காடு. அனுமானத் திட்டத்தில் இருக்கும் பார்ட்னர்ஷிப் பங்குதாரர் சம்பளத்தைக் கழித்துக்கொள்ள முடியாது. ஆறு லட்சம் லாபம் காட்டினால் 1,87,200 ரூபாய் வரி. கணக்கை முறையாக எழுதினால் என்ன ஆகிறது பாருங்கள். மைத்துனரின் எட்டு லட்சத்துக்கு 12 விழுக்காடு வட்டி 96,000, மிச்சம் 5,04,000. அதில் 90 விழுக்காடு, அதாவது 4,53,600 வரை உழைக்கும் பங்குதாரர்களுக்குச் சம்பளமாகக் கழிக்கலாம். கடைசியில் 50,400 ரூபாய்க்குத்தான் வரி, சுமார் 15,725. வட்டியும் சம்பளமும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். ஓசூரில் வேலை பார்ப்பவருக்குச் சம்பளம் கிடையாது, வட்டியும் லாபப் பங்கும்தான். 2025 ஏப்ரலிலிருந்து, ஒரு பங்குதாரருக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் சம்பளமாகவோ வட்டியாகவோ கொடுத்தால் 10 விழுக்காடு டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே பிடிக்கும் வரி, பிடித்துக் கட்ட வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

'உழைக்கும் பங்குதாரர்' என்று எழுதும்போதே நினைத்துக்கொண்டேன்: உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்து போகிறவர் உங்கள் மனைவி. பில்லும் பாட்டிலும் அவர் கையில் என்றால் நடைமுறையில் பாதித் தொழில் அவருடையது. அவரை மூன்றாவது பங்குதாரராகச் சேருங்கள். இது மனைவியைப் பெருமைப்படுத்தச் சொல்வதல்ல. இரண்டே பேர் இருக்கும் பார்ட்னர்ஷிப்பில் ஒருவர் இறந்தால் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் நிறுவனம் முடிந்துவிடும், ஏனென்றால் ஒருவரே கூட்டாக இருக்க முடியாது. எல்எல்பி நிலைக்கும், ஆனாலும் மிஞ்சிய ஒருவர் ஆறு மாதத்துக்குள் இன்னொருவரைச் சேர்க்காமல் தொழிலைத் தொடர்ந்தால், அதன் பின் வரும் கடனுக்கு அவரே பொறுப்பு. மூவராக இருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

செலவுக்கு அஞ்சிச் சாதாரண பார்ட்னர்ஷிப்தான் என்று முடிவெடுத்தால், பத்திரம் எழுதியதோடு நிற்காமல் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்யுங்கள். பதிவு கட்டாயமில்லை என்று பலர் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் பதிவாகாத நிறுவனம் ஒப்பந்தப்படி வர வேண்டிய பாக்கிக்காக வெளியார்மேல் வழக்குப் போட முடியாது. அங்காடி ஐந்து லட்சம் பாக்கி வைத்தால் அந்த அருமை தெரியும். பாக்கியைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று: சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைச் செய்துவிடுங்கள், கட்டணம் இல்லை, இடைத்தரகர் தேவையில்லை. குறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தராத வாங்குபவர், பணம் தரும் வரை அந்தக் கொள்முதலைத் தன் வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது.

வங்கி விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். எல்எல்பியோ பிரைவேட் லிமிடெட்டோ, உங்களைப் போன்ற சிறு தொழிலுக்குக் கடன் தரும் வங்கிகள் பெரும்பாலும் பங்குதாரர் அல்லது இயக்குநரிடம் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்தையும் கேட்கும். அந்தக் கையெழுத்துப் போட்ட பிறகு 15 லட்சத்தைப் பொறுத்தவரை 'வரையறுத்த பொறுப்பு' வெறும் பெயர்தான். கொப்பரைக் கடனுக்கும், எண்ணெயைப் பற்றி வாடிக்கையாளர் நட்டஈடு கேட்டு நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டால் அதற்கும்தான் பாதுகாப்பு மிஞ்சும். மைத்துனர் ஜாமீன் போடப்போகிறாரா என்பதையும் அதே பேச்சில் கேட்டுவிடுங்கள்.

என் கருத்து இதுதான். அவர் வேலையை விடப்போவதில்லை, கணக்குப் பார்க்கவும் வரமாட்டார் என்றால், புரோநோட்டு எழுதிக் கடனாக வாங்குங்கள். லாபத்தில் பாதி என்ற பேச்சை விட்டுவிட்டு நல்ல வட்டி கொடுங்கள். ஓரிரு ஆண்டில் காங்கேயத்துக்கே வந்துவிடும் எண்ணம் அவருக்கு உண்டு என்றால், இப்போதே மூவருமாக எல்எல்பி.

'பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடாமல் இப்போதே தீர்மானிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தனி உரிமையாளருக்கு உங்கள் சொந்தப் பான் எண்தான். எல்எல்பிக்குப் புதிய பான். ஆகவே புதிய ஜிஎஸ்டி எண், புதிய நடப்புக் கணக்கு, புதிய உத்யம். உணவுப் பாதுகாப்பு உரிமம் உரிமையாளர் இறந்தால் வாரிசுக்கு மாறுமே தவிர, வடிவம் மாறியதற்காக மாறாது; புதிதாகத்தான் எடுக்க வேண்டும். உரிம எண் பாட்டில் லேபிளில் அச்சாகியிருக்கும். சென்ற ஆண்டு ஒரு மசாலாத் தொழிற்கூடத்தில், பழைய எண் அச்சிட்ட லேபிள் சுருள்களை ஒரு மூலையில் இடுப்பளவு அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன்.

உள்ளூர் விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாததால் நீங்கள் இன்னும் ஜிஎஸ்டி எடுக்காதது இந்த நேரத்தில் நல்லதாகப் போயிற்று. எந்தப் பெயரில் எடுப்பது என்று தீர்மானித்துவிட்டு எடுக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனரை வரச் சொல்லி, மனைவியையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். அதுவரை அங்காடிக்கான லேபிளை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.