அற்புதங்களை நீக்கி இதிகாசம் எழுதுவோருக்கு: கேள்வி பதில்

வரமும் சாபமும் தெய்வச் செயலும் இல்லாமல் இராமாயண, பாரதக் கதைகளை எழுத முயலும் நாகர்கோவில் வாசகர் வட்டத்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, மூத்த உறுப்பினர் ஒருவர் அளித்த பதில்கள்.

தக்கலை வாசகர்: ஐயா, இப்படி எழுதுவது மரபுக்கு விரோதம் ஆகாதா?

ஆகாது. சமணரான விமலசூரி பிராகிருதத்தில் இயற்றிய இராமகதையில் வானரர்கள் குரங்குகள் அல்லர். குரங்குக் கொடி தாங்கிய ஒரு குலத்தார். இராவணனுக்கும் தலை ஒன்றுதான். குழந்தையாக இருந்தபோது அணிந்த மாலையின் மணிகளில் அவன் முகம் ஒன்பதாகத் தெரிந்ததால் பத்து முகத்தான் என்ற பெயர் வந்தது. சிதறால் மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்த்துவரும் நம்மவர்களில் எத்தனை பேர் அந்தச் சமயத்தாரின் இராமகதையைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? ஆனாலும் விமலசூரியின் பாத்திரங்கள் மந்திர வித்தைகளைக் கைவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சுசீந்திரம் வாசகி: இந்திரன் சாபம் நீங்கிய தலம் எங்கள் ஊர். அகலிகை கல்லானதை எவ்வாறு எழுதுவது?

கல்லாக்க வேண்டிய தேவையே இல்லை, அம்மா. கம்பரில் அவள் கல்லாகிறாள். வால்மீகியின் பாலகாண்டத்தில், காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடந்து, எவர் கண்ணுக்கும் படாமல் அந்த ஆசிரமத்திலேயே வாழும்படி கௌதமர் சபிக்கிறார். எவரும் ஏறெடுத்துப் பார்க்காத, எவரும் பேச்சுக் கொடுக்காத ஒரு பெண்ணாக அவளை எழுதினால் சாபம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். அதைவிட முக்கியமானது, அங்கே வரும் இராமனும் இலக்குவனும் அவள் கால்களைத் தொட்டு வணங்குகிறார்கள் என்பது. ஊரே ஒதுக்கியவளை இரண்டு அரசகுமாரர்கள் விழுந்து வணங்குவதைக் காட்டிலும் பெரிய சாப விமோசனத்தை நீங்கள் கற்பனை செய்துவிட முடியாது.

குலசேகரம் வாசகர்: திரௌபதியின் சேலை வளராவிட்டால் அந்தக் காட்சியே விழுந்துவிடாதா?

விழாது. பூனாவின் பண்டார்க்கர் நிறுவனம் பல சுவடிகளை ஒப்பிட்டு 1966-இல் நிறைவு செய்த மகாபாரதச் செம்பதிப்பில், அவள் கண்ணனைக் கூவியழைக்கும் பகுதி மூலத்தில் சேர்க்கப்படவில்லை. சேலை வளர்வது மட்டும் இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால், தன்னைத் தோற்றுவிட்டவனுக்கு மனைவியைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்று அவள் சபையில் எழுப்பிய கேள்வி எஞ்சும். அதற்குப் பீஷ்மரே, தருமம் நுட்பமானது என்று சொல்லி நழுவுகிறார். விகர்ணன் ஒருவன்தான் கௌரவர்களில் எழுந்து பேசுகிறான். துச்சாதனன் கை எதனால் நின்றது என்பதற்கு, பீமன் செய்த சபதத்தையும் திருதராட்டிரன் கொண்ட அச்சத்தையும் காரணமாக்குங்கள். அற்புதம் இருந்த இடத்தை வெற்றிடமாக விடுவதுதான் இத்துறையில் புதிதாக எழுதுவோர் செய்யும் பிழை.

கொட்டாரம் வாசகர்: மருந்துவாழ் மலையை விட்டுவிட வேண்டியதுதானா?

ஏன் விட வேண்டும்? சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பது நம் ஊர் வழக்கு. உங்கள் அனுமன் மூலிகை தேடி வந்த இடமே அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இமயத்துக்குப் போய் ஓர் இரவில் திரும்புவதற்கு இறக்கை வேண்டும். இங்கிருந்து இலங்கைக்கு ஒரு தோணியும் காற்றறிந்த நான்கு மீனவரும் போதும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒப்ப மாட்டார்கள், அது வேறு.

தோவாளை வாசகர்: கர்ணனின் கவச குண்டலம்?

நல்ல உலோகக் கவசமாக எழுதுங்கள். கேட்க வருபவன் பகைவனுக்காக வருகிறான் என்று முன்பே எச்சரிக்கப்பட்டும் அவன் கொடுக்கிறான் என்பதில் மட்டும் கை வைக்காதீர்கள்.