ஒரே சீசன் ஆடிய குவார்ட்டர்பேக்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் சிகாகோ பேர்ஸ் அணிக்கு 1941-ல் ஒரே ஒரு சீசன், அதுவும் அதன் முதன்மைக் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்) சிட் லக்மனுக்கு மாற்றாக ஆடிய யங் பஸ்ஸியைச் சென்ற இதழில் பாராட்டியிருந்தீர்கள். போரில் இறந்தார் என்பதைத் தவிர, ஆட்டக்காரராக அவருக்கு என்ன தகுதி?

பதில்: அந்த அணியில் இடம் பிடித்ததே தகுதிதான். 1940 இறுதியாட்டத்தில் வாஷிங்டனை 73-0 என்று நொறுக்கிய அணி அது. மறு ஆண்டு லீக் ஆட்டங்களில் 10 வென்று ஒன்றில் மட்டுமே தோற்றது. பயிற்சியாளர் ஜார்ஜ் ஹாலஸ் கையாண்ட, ஆட்டக்காரர்கள் ஆங்கில ‘T’ எழுத்து வடிவில் நிற்கும் ‘டி’ வியூகத்தில் குவார்ட்டர்பேக், பல அணிகளின் வழக்கப்படி பந்துக்காகப் பின்னால் தள்ளி நிற்பதில்லை. பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் சென்டருக்குப் பின்னால் ஒட்டி நின்று, அவர் கால்களுக்கிடையே பந்தைக் கையில் வாங்கி, எதிரணிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஓடிவரும் ஒருவரிடம் கொடுப்பதுபோல் போக்குக் காட்டிவிட்டு, இன்னொருவரிடம் கொடுக்கவோ தொலைவில் எறியவோ வேண்டும். அடி ஒன்று பிசகினாலும் ஆட்டத் திட்டம் முழுவதும் குலைந்துவிடும். லக்மனே பாடுபட்டுப் பழகிய வித்தை இது. தாக்கி ஆடியவரே தடுத்தும் ஆடிய அந்தக் காலத்தில், மாற்று ஆட்டக்காரர் என்பது பெயருக்கு வைத்திருந்த இடமன்று.

பேர்ஸ் அணி சிகாகோவிலேயே கார்டினல்ஸை எதிர்த்து ஆடிய 1941 டிசம்பர் 7, ஞாயிறன்றுதான் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்து ரிக்லி மைதானத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸை 37-9 என்று வென்று பேர்ஸ் பட்டம் பெற்றபோது, பார்க்க வந்தவர்கள் 13,000 சொச்சம் பேர் மட்டுமே. நாட்டின் கவனம் வேறெங்கோ போய்விட்டிருந்தது. பஸ்ஸியும் கடற்படையில் சேர்ந்தார். 1945 ஜனவரியில், பிலிப்பைன்ஸின் லிங்கயேன் வளைகுடாத் தரையிறக்கத்தின்போது உயிரிழந்தார். அன்றைய ஜயன்ட்ஸ் அணியைச் சேர்ந்த ஜாக் லம்மஸ் அதே ஆண்டு மார்ச்சில் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் நடந்த போரில் மாண்டார்.

லக்மன் வணிகக் கப்பற்படையில் சேர்ந்தும் இடையிடையே வந்து ஆட முடிந்தது. 1950 வரை களத்தில் இருந்தார். பஸ்ஸிக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அவரை லக்மனுக்கு நிகரானவர் என்று நான் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன், ஏனெனில் இல்லாத சாதனையை இறந்தவர் தலையில் சூட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதையன்று. ஆனால் போர் பறித்துக்கொண்ட ஆண்டுகளை அவருடைய திறமைக் குறைவாக எண்ணி, பட்டம் வென்ற அணியில் அவர் உழைத்துப் பெற்ற இடத்தையும் நீங்கள் மறுப்பதை என்னால் ஏற்க முடியாது.